ஒழுகாத கூரைக்கு ஏன் காசு?

கேள்வி: யாழ்ப்பாணம் கோண்டாவிலில், அப்பா 1958இல் கட்டிய ஓட்டு வீட்டில் இருக்கிறேன். பெரிய வீடு முழுக்கக் கள்ளிக்கோட்டை ஓடு. பின்னால் குசினிக்கு அஸ்பெஸ்ரஸ் சீற், முன்னால் போட்டிக்கோவுக்குக் கொங்கிறீற் பிளேற். மாரிக்கு முன் ஆள் பிடித்துக் கூரை பார்ப்பிப்பது அப்பா காலத்து வழக்கம். அண்ணா கனடாவில், தம்பி லண்டனில். செலவை மூன்று பேரும் பிரித்துக்கொள்கிறோம். இந்த வருடம் தம்பி, "ஒழுகவே இல்லையே அக்கா, ஒழுகினால் பார்ப்போம்" என்கிறான். அண்ணாவோ, ஓட்டையெல்லாம் கழற்றிவிட்டு நிறத் தகரம் போட்டால் தொல்லை விட்டது என்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தேகம்தான். வருகிறவர்கள் மேலே ஏறி அரை நாள் தட்டித் தடவிவிட்டு, இறங்கிக் காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள். என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வளவு மாமரம் வேறு கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

தங்கச்சி (வயதில் மூத்தவன் என்ற உரிமையில் அப்படியே எழுதுகிறேன்), உங்கள் தம்பி கேட்டதில் பிழை இல்லை. முப்பத்திநாலு வருடம் கட்டடங்களுக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதே கேள்வியை வீட்டுக்காரர் வாயாலும் கேட்டிருக்கிறேன், காசு ஒதுக்குகிற மேலதிகாரிகள் வாயாலும் கேட்டிருக்கிறேன். நானே ஒருமுறை அப்படி நினைத்து நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

தம்பி லண்டன் மழையை வைத்துக் கணக்குப் போடுகிறார். அங்கே வருடம் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும். கூரையில் ஒரு ஓடு நகர்ந்தால் அடுத்த கிழமையே ஒரு சின்ன ஈரம் காட்டிக்கொடுக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. யாழ்ப்பாணத்துக்கு வருடத்தில் கிடைப்பது ஏறத்தாழ 1200, 1300 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். தை முடிந்தால் பிறகு கூரைக்கு வெய்யில்தான். சித்திரையில் ஒன்றிரண்டு இடிமழை பெய்தால் உண்டு.

பழுதெல்லாம் நடப்பது அந்த வெய்யில் காலத்தில்தான். சோளகக் காற்று ஓட்டை அசைக்கிறது, தென்னை மட்டை விழுகிறது, அணில் கூடு வைக்கிறது, மரநாய் இரவில் ஓடித் திரிகிறது. ஓடு நகர்ந்தது, வெடித்தது எதுவும் வீட்டுக்குள் தெரியாது, ஏனென்றால் ஒழுக மழை இல்லை. கூரை நல்லாயிருக்கிறது என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருப்போம். பிறகு ஐப்பசியில் ஒரு இரவு, எட்டு மாதப் பழுதும் ஒன்றாகச் சேர்ந்து தலைமாட்டில் சொட்டும்.

அன்றைக்கு ஏணிக்காரரைத் தேடிப் பாருங்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயல் மழை கொட்டியபோதும், 2020இல் புரெவி வந்தபோதும் யாழ்ப்பாணத்தில் கூரை வேலை தெரிந்தவர் ஒவ்வொருவருக்கும் பத்து வீட்டிலிருந்து அழைப்பு. ஆள் கிடைத்தாலும் பாசி பிடித்த ஈர ஓட்டில் அவர் கால் வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. தறப்பாள் ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டு, தை பிறக்கும் வரை வாளி வைத்துத் தண்ணீர் ஏந்த வேண்டியதுதான். அதற்குள் மரம் இரண்டு மாதம் ஊறியிருக்கும். ஆகவே தம்பிக்குச் சொல்லுங்கள்: ஒழுகினால் பார்க்கலாம் என்பது இங்கே, ஒழுகினால் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்றுதான் முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு முந்தின தலைமுறை இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது. கிடுகால் வேய்ந்த வீட்டில் ("வீடு மேயிறது" என்பதுதான் எங்கள் பேச்சு) ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடுகு மாற்றியே ஆகவேண்டும். மாரிக்கு முன் வீடு வேய்வதும் வேலி அடைப்பதும் பொங்கல், தீபாவளி மாதிரி வருடத்துக்குள் இருந்த வேலைகள். ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு யாரும் கிடுகு வாங்கவில்லை. ஓடு வந்ததும், "ஒருக்கா போட்டால் போதும்" என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. சுட்ட மண் அழுகாது என்பது உண்மை. ஆனால் ஓட்டைத் தாங்குகிற சிலாகை, அதைத் தாங்குகிற கைமரம், சுவர் மேல் கிடக்கிற வளை எல்லாம் மரம். முகட்டைப் பிடித்திருப்பது சாந்து. தண்ணீர் வடிக்கிற பீலி தகரம். அவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வயது. உங்கள் அப்பா ஓட்டு வீடு கட்டியும் கிடுகு வீட்டுப் பழக்கத்தை விடவில்லை. 1958இல் போட்ட கூரை இன்றைக்கும் ஒழுகாமல் இருக்கிறதென்றால் அதற்கு அந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. "ஒழுகவே இல்லையே" என்று தம்பி காட்டுகிற அத்தாட்சி உங்கள் பக்கத்து அத்தாட்சி.

சரி, என் கதைக்கு வருகிறேன். வவுனியாவில் வேலையாக இருந்த காலத்தில் மூன்று மாரி என் வீட்டுக் கூரையை நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரார் கூரைக்கெல்லாம் மதிப்பீடு எழுதுகிறவன், சொந்தக் கூரைக்கு நேரம் இல்லை. வீட்டுக்குள் ஒரு சொட்டும் இல்லை. மனைவி மட்டும், சாமியறைச் சுவர் மேலே ஒரு முழம் நீளத்துக்குப் பழுப்பாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னா. பழைய சுண்ணாம்பு, அப்படித்தான் இருக்கும் என்றேன். ஓய்வு பெற்று வந்து ஏறிப் பார்த்தால் ஒரே ஒரு ஓடு, மட்டை விழுந்து மூலை வெடித்திருந்தது. அந்த வெடிப்பால் வந்த தண்ணீர் நிலத்தில் சொட்டவில்லை. கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் ஒன்பது அடி இறங்கி, சுவர் மேல் கிடக்கும் வளையில் போய்ச் சேர்ந்திருந்தது. வெளியே பார்த்தால் அந்தப் பனை வளை கறுப்பாக, வைரமாகத்தான் தெரிந்தது. திருப்புளியால் குத்தினேன். பிடி வரை உள்ளே போனது. உள்ளே மரம் இல்லை, ஈர மண்ணும் கறையானும்தான். கூரைக்கு முண்டு கொடுத்து, முன்னூறு ஓட்டுக்கு மேல் இறக்கி, வளையும் நாலு கைமரமும் மாற்றி, சுவர்த் தலையைக் கட்டித் திரும்ப ஓடு ஏற்ற ஒன்பது நாள். வெடித்த அந்த ஒரு ஓட்டை அதே வருடம் மாற்றியிருந்தால் பத்து நிமிட வேலை.

இதிலிருந்து நான் வீட்டுக்காரருக்குச் சொல்வது இரண்டு. ஒழுக்கு தெரியும் இடமும் பழுது இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. மரத்தின் வழியே தண்ணீர் நடக்கும். மற்றது, சொட்டு விழாவிட்டால் கூரை ஒழுகவில்லை என்று ஆகாது. சீலிங் அடித்த வீட்டில் இது இன்னும் மோசம். சீலிங்கில் கறை தெரிவதற்குள் மேலே இரண்டு மாரி போயிருக்கும். மழை நாளில் றிப் சுவிச் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தால், எலக்றீசியனைக் கூப்பிடும்போது கூரைக்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள். சீலிங்குக்கு மேல் வயர்ப் பெட்டிக்குள் தண்ணீர் போகிறதோ தெரியாது.

இனி உங்கள் சந்தேகம். ஏறுகிறவர்கள் என்னதான் செய்கிறார்கள்? பச்சையாகச் சொன்னால், பல பேர் ஒன்றும் செய்வதில்லை. முகட்டில் நாலு இடத்தில் சீமெந்து அப்பிவிட்டு இறங்குவார்கள். அப்பின சீமெந்து கீழே நிற்கிறவருக்கு வெள்ளையாகத் தெரியும், வேலை நடந்த மாதிரி இருக்கும். செய்ய வேண்டிய வேலையோ கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாதது.

ஒரு ஓட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்க ஓரத்தில் நீளமாகக் குழிந்த வாய்க்கால் மாதிரி இருக்கும். பக்கத்து ஓட்டின் விளிம்பு அதற்குள் அமர்ந்திருக்கும். மழைத் தண்ணீர் இடுக்கால் உள்ளே வந்தாலும் அந்த வாய்க்காலில் விழுந்து கீழ் ஓட்டின் முதுகுக்கு ஓடிவிடும். ஓட்டுக் கூரையின் சூட்சுமமே அதுதான். ஒட்டோ பசையோ கிடையாது. இப்போது ஆடி மாதம், சோளகம் வலிகாமத்துச் செம்மண்ணைக் கிளப்பி அந்த வாய்க்காலுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. அதன் மேல் வேப்பம்பூ, மாம்பூ, சருகு. முதல் தூறலில் எல்லாம் சேர்ந்து களியாகிக் காய்ந்து இறுகும். பிறகு பெருமழை வரும்போது தண்ணீருக்குப் போக வழி இல்லை, வாய்க்கால் நிரம்பி உள்விளிம்பால் வழிகிறது. ஓடு ஒன்றும் உடையவில்லை, நகரவில்லை, ஆனாலும் ஒழுகும். "ஓடெல்லாம் நல்லாயிருக்கு, ஏன் ஒழுகுது என்று விளங்கேல்லை" என்று எத்தனையோ வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு ஓட்டைக் கழற்றி அதன் ஓரத்தை ஈர்க்கால் கீறிக் காட்டினால் விளங்கிவிடும்.

அதனால் வேலைக்காரருக்கு ஒரே அளவுகோல் வையுங்கள்: எத்தனை வாளி மண்ணும் சருகும் கீழே இறங்கியது? உங்கள் அளவு வீட்டில், மாமரமும் பக்கத்தில் நிற்க, ஒரு வாளியும் இறங்காவிட்டால் அவர் கூரையில் இருந்து வெற்றிலை போட்டிருக்கிறார் என்று அர்த்தம். வெடித்த ஓடுகளை வளவுக்குள் எறியாமல் முற்றத்தில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள், எண்ணுங்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஏறினவுடன் முகடு, இரண்டு கூரை சந்திக்கிற உள்மூலை, பீலி மூன்றையும் படம் எடுக்கச் சொல்லுங்கள், இறங்குமுன் அதே இடங்களில் திரும்பவும். நேர்மையான வேலைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார். தன் வேலையை ஒருவர் பார்க்கிறாரே என்று சந்தோசப்படுவார்.

ஏற்றுவதற்கு முதல் நாள் நீங்கள் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு, காசில்லாதது. நல்ல வெய்யில் ஏறின மத்தியானம் கதவு, யன்னல் எல்லாம் சாத்திவிட்டு அறைக்குள் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகினதும் அண்ணாந்து பாருங்கள். நகர்ந்த ஓடு, வெடித்த ஓடு, கண்ணாடி ஓட்டின் ஓரம் எல்லாம் வெளிச்சப் பொட்டாகத் தெரியும். எந்தச் சுவரிலிருந்து எத்தனையாவது கைமரம் என்று ஒரு கடதாசியில் குறித்து வைத்து, மறுநாள் அந்தக் கடதாசியை வேலைக்காரர் கையில் கொடுங்கள். பீலி ஓட்டு (அரை வட்டமாக வளைந்த ஓடு) வீடு என்றால் இந்தச் சோதனை அவ்வளவு சரிவராது, அதில் எப்போதும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். உங்களுடையது கள்ளிக்கோட்டை ஓடு என்பதால் நன்றாகவே தெரியும். அதோடு சுவரில் மண் கோடு மாதிரிக் கறையான் பாதை மேலே ஏறுகிறதா என்றும் பாருங்கள். கறையான் ஈரத்தைத் தேடித்தான் போகும். அது போகிற மூலையில் ஒழுக்கு இருக்கக்கூடும்.

வெடித்த ஓட்டின் மேல் சீமெந்து பூச விடாதீர்கள். அது ஒரு மாரி தாங்காது. ஓட்டை மாற்றத்தான் வேண்டும். முகட்டோடுகளுக்கும் தனிச் சீமெந்துக் கலவை வேண்டாம். கடும் சீமெந்து காயும்போது சுருங்கி வெடிக்கும், அடுத்த முறை கழற்றப் போனால் ஓட்டையும் சேர்த்து உடைத்துக்கொண்டுதான் வரும். பழைய மேசன்மார் சுண்ணாம்புச் சாந்து வைத்தார்கள், அது கூரையோடு சேர்ந்து அசையும். இன்றைக்கு நான் சொல்வது ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். மேசன் சிரிப்பார். சிரிக்கட்டும். கூரைக்குப் பெயின்ற் அடித்தால் ஒழுக்கு நிற்கும் என்று யாராவது சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். பெயின்ற் அழகுக்கு.

உங்கள் வீட்டு ஓடு எந்த ஆலையில் செய்தது என்று தெரியுமா? ஒன்றைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள், பெயர் பொறித்திருக்கும். ஆலைக்கு ஆலை அச்சு வேறு. இன்று தங்கொட்டுவ, வாய்க்கால் என்ற ஊர்கள் பக்கத்திலிருந்து வருகிற புது ஓட்டை உங்கள் பழைய ஓட்டுக்கு நடுவில் வைத்தால் ஓரம் பொருந்தாமல் எழும்பி நிற்கலாம், அந்த இடம் நிரந்தர ஒழுக்காகிவிடும். ஆகவே பழைய வீடு உடைக்கிற இடத்தில் அதே பெயர் உள்ள ஓடு ஐம்பதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது உங்கள் ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும். விரல் மொழியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், சத்தம் மொக்கையாக இருந்தால் உள்ளே வெடிப்பு. வீட்டில் படுக்கையாக அடுக்காமல் சுவரோடு நிமிர்த்திச் சாத்தி வையுங்கள்.

பீலி. இது பெரிய விசயம், ஆனால் எல்லாரும் கடைசியில்தான் நினைப்பார்கள். 100 சதுர மீற்றர் கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர் தண்ணீர். 1000 லீற்றர்த் தாங்கி பத்து. எங்கள் கார்த்திகைக்கு அது புதினமான மழை இல்லை. அவ்வளவும் போக வேண்டிய பீலியின் வாயில் ஒரு பிடி மாவிலை அடைத்திருந்தால் தண்ணீர் பின்னால் திரும்பித் தாவாரத்துக்குள் போகும். அங்கே கைமரங்களின் நுனி இருக்கிறது. உள்மூலைத் தகரத்தில் சருகு ஈரத்தோடு கிடந்தால் அந்த இடத்திலேயே துருவேறி ஓட்டை விழும், மேலே இருந்து பார்த்தால் சருகுதான் தெரியும். மழை விட்ட பிறகும் பீலியில் தண்ணீர் தேங்கி நின்றால் டெங்கு நுளம்புக்கு வசதி. மழை காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வரும்போது சிரட்டையையும் ரயரையும் மட்டும் பார்க்க மாட்டார். பீலிக்கு மட்டும் வருடத்தில் இரண்டு துப்புரவு: மாரிக்கு முன் ஒன்று, முதல் இரண்டு பெரிய மழை முடிந்து வெய்யில் எறிக்கிற ஒரு நாளில் இன்னொன்று. அந்த இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

குசினி அஸ்பெஸ்ரஸ் சீற்றைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். எல்லா வகை அஸ்பெஸ்ரசும் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆபத்து அதன் தூசியில்தான். உடையாமல், தேயாமல் இருக்கிற சீற் அப்படியே இருக்கட்டும். தும்புத்தடியால் உரஞ்சிப் பாசி எடுப்பதோ, காய்ந்த சீற்றில் துளை போடுவதோ, அறுப்பதோ வேண்டாம். உடைந்தது ஒன்றை எடுக்க வேண்டி வந்தால் நனைத்து, துண்டு துண்டாக உடைக்காமல், முகத்தைச் சரியாக மூடிக்கொண்டு இறக்க வேண்டும். சீற்றில் வருடா வருடம் பார்க்க வேண்டியது ஆணித் தலை. அடியில் இருக்கிற றப்பர் வொஷர் வெய்யிலில் காய்ந்து பொரிந்துவிடும், அந்தத் துளையால்தான் சொட்டும். சீற்றின் மேல் யாரையும் நேரே நடக்க விடாதீர்கள். பலகை போட்டு, ஆணி வரிசை போகிற இடத்தில்தான் கால் வைக்க வேண்டும். பழைய சீற் உடைந்து விழுந்து இடுப்பு முறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

போட்டிக்கோ பிளேற்றில் பார்க்க வேண்டியது மழை விட்டு இரண்டு நாளுக்குப் பிறகும் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்பது. நின்றால் சரிவு போதாது. மற்றது, பின்னாளில் மேல்மாடி கட்டலாம் என்று தூண் கம்பிகளை நீட்டி விட்டிருக்கிறீர்களா? எங்கள் ஊரில் மேல்மாடிக்குக் காத்திருக்கிற கம்பிகள் வீட்டுக்கு வீடு நிற்கின்றன, சிலது இருபது வருடமாக. துரு அந்தக் கம்பியின் வழியே கொங்கிறீற்றுக்குள் இறங்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கொங்கிறீற்றை உள்ளிருந்து வெடிக்கவைக்கும். கட்டுவதாக இல்லையென்றால் வெட்டி மூடுங்கள். கட்டுவதாக இருந்தால் துருவைச் சுரண்டிச் சீமெந்துப் பால் பூசி, மெல்லிய கொங்கிறீற்றால் மூடி வையுங்கள்.

அண்ணாவின் தகர யோசனைக்கு வருவோம். தகரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. மரமெல்லாம் உக்கி, ஓடு கிடைக்காத வீட்டுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வேண்டாம். அண்ணா நினைக்கிற மாதிரி அதோடு தொல்லை முடியாது, வேறு தொல்லை தொடங்கும். ஓட்டுக் கூரை ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 35, 40 கிலோ. தகரம் நாலைந்து கிலோ. ஓடு தன் பாரத்தாலேயே காற்றுக்கு நிற்கிறது. தகரம் நிற்பது ஆணியை நம்பி. 1958இல் போட்ட உங்கள் வளை, சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். அன்றைக்கு மேலே இருந்த பாரமே போதும் என்று விட்டிருப்பார்கள். பாரத்தை எடுத்துவிட்டுத் தகரத்தை ஏற்றினால், கட்டு இல்லாத அந்தக் கூரையை ஒரு புயல் அப்படியே கிளப்பலாம். முதலில் வளையைச் சுவரோடு கட்ட வேண்டும், பிறகுதான் தகரம். அந்தச் செலவை யாரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை. சித்திரை வெய்யிலில் தகரத்துக்குக் கீழே இருக்கப்போவது நீங்கள், அண்ணா அல்ல. உப்புக்காற்று குருநகர் அளவுக்குக் கோண்டாவிலில் இல்லை என்பது மட்டும் தகரத்துக்குச் சாதகம். ஆனால் ஆணித் தலையும் வொஷரும் அங்கேயும் வருடா வருடம் பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்த வருடம் யாராவது சோலர் பனல் போடச் சொன்னால், போடுங்கள், நல்ல விசயம். ஆனால் போட்டு முடித்தவர்கள் இறங்குமுன் உங்கள் கூரைக்காரரும் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பனல் பூட்டுகிறவர்களுக்கு ஓட்டில் நடக்கத் தெரியாது. ஓடு ஒன்றின் மேல் ஒன்று படிகிற, அடியில் சிலாகை இருக்கிற இடத்தில் கால் வைக்க வேண்டும். நடு ஓட்டில் வைத்தால் போச்சு. பனலுக்குக் கீழே உடைந்த ஓட்டைப் பிறகு யார் பார்ப்பது?

எப்போது செய்விப்பது என்றால், இந்த ஆடிக்குள் வேண்டாம். அம்மியைப் பறக்கவைக்கிற காற்றில் மனிதரைக் கூரையில் ஏற்றக்கூடாது. தூசியும் இன்னும் வந்து விழுந்துகொண்டிருக்கும், துப்புரவாக்கியும் பயனில்லை. நல்லூர்த் தீர்த்தம் முடிந்த கையோடு ஆளைப் பேசுங்கள், புரட்டாசி நடுப்பகுதிக்குள் வேலை முடியட்டும். இரண்டு பேர், இரண்டு நாள். உங்கள் வீட்டுக்கு அதற்கு மேல் தேவைப்படாது. அரை நாளில் முடிகிறது என்றால் முடியவில்லை. கூலியை வேலைக்கு மொத்தமாகப் பேசாமல் நாட்சம்பளமாகப் பேசுங்கள், மொத்தமாகப் பேசினால் சீக்கிரம் இறங்கத்தான் மனம் வரும். இரண்டு நாள் கூலியும், பத்துப் பதினைந்து ஓடும், அரை மூடை சுண்ணாம்பும் என்ன விலை வருகிறதோ அதை மூன்றாகப் பிரித்து அண்ணாவுக்கும் தம்பிக்கும் அனுப்புங்கள். அதோடு அந்தப் படங்களையும். உள்மூலையில் சருகு அடைத்திருக்கிற படத்தையும் சருகு எடுத்த பிறகு தகரம் தெரிகிற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தம்பி அடுத்த வருடம் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன். கேட்டாலும் பரவாயில்லை, கேட்கட்டும். உங்கள் மூன்று பேரில் கூரைக்குக் கீழே படுக்கிறவர் நீங்கள்.

மாமரத்துக்கு வருகிறேன். கொப்பு கூரையில் முட்டினால் அணிலுக்கும் மரநாய்க்கும் அதுதான் பாலம், சருகும் அங்கிருந்துதான். கூரையிலிருந்து ஆறேழு அடியாவது விலகி நிற்க வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டாரிடம் இதை வைகாசியில் போய்க் கேட்டிருந்தால், கறுத்தக்கொழும்பான் மாங்காய் தொங்குகிற கொப்பை வெட்ட யார் சம்மதிப்பார்? ஆவணியில் கேளுங்கள். காய் முடிந்திருக்கும், மனமும் இளகியிருக்கும். உங்கள் கூரைக்காரரும் அந்தக் கிழமை ஏணியோடு வருவார், அவர் கையாலேயே வெட்டுவித்து விறகை வேலிக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிடுங்கள்.